கடைசி இருபது தப்படி

இது நடந்த விஷயம். கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. தேதி இருக்கிறது. மணி இருக்கிறது. இடம் இருக்கிறது. 1951ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி ஐந்து நிமிஷத்திலிருந்து ஐந்து மணி பதினேழு நிமிஷம் வரை. இடம் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம். நடுராத்திரி இல்லை, அமாவாசை இல்லை, சுற்றிலும் முந்நூறு பேராவது இருந்தார்கள். பேய் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும் என்று யாரோ அதற்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்த மாதிரி நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நடந்தது தாமஸுக்கு. இராயபுரத்தில் பனைமரத்தொட்டிப் பக்கம் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அப்பா கட்டுமரம் ஏறியவர். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து சாப்பராக இருந்தார் தாமஸ். பாலம் கட்டுவதும், எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பதும் சாப்பரின் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. பொய் பேசுகிற ஆளும் இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், இத்தாலியில் தான் இருந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடமாட்டார். பரங்கிமலையைவிட உயரமாக எதையும் பார்த்திராத அந்தத் தெருக்காரர்களுக்கு ரோக்காவெர்னா என்ற மலையூர் அத்துப்படி ஆனது இப்படித்தான்.

கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து நூறு அடி உயரம். கவிழ்த்து வைத்த பானை மாதிரி ஒரு மலை, அதன் அடியைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆறு. ஊரில் தெரு என்று ஒன்றே ஒன்றுதான். அது பானையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, உச்சியில் மாதா கோயிலில் போய் முடியும். சுற்றுக்கு ஒரு கல் வாசல். 1944இல் தாமஸின் படை அங்கே பதினொரு நாள் தங்கியது. அவருக்குக் கிடைத்த இடம் முனிசிபாலிட்டி குமாஸ்தா ஒரெஸ்தேயின் வீட்டு மாடி அறை. ஒரெஸ்தே வாலிப வயதில் அமெரிக்காவில் சுரங்க வேலை பார்த்துவிட்டு வந்தவர், அதனால் இங்கிலீஷ் பேசுவார். கேட்க ஒரு ஆள் அகப்பட்டால் போதும் அவருக்கு. அறுநூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரபு மதில் கட்டியது, பிறகு ஒரு பூகம்பம் பாதி ஊரை ஆற்றில் தள்ளியது, அதற்குப் பிறகு கொள்ளைநோய் வந்து நாற்பத்தொரு பேரை மட்டும் மிச்சம் வைத்தது, அந்த நாற்பத்தொரு பேர் பெருகி நானூற்றுப் பன்னிரண்டு ஆனது, எல்லாம் சொல்வார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முனிசிபாலிட்டி, ஒரு மேயர். நம்ம தெரு ஒன்றுக்கே ரெண்டு மேயர் வேணும்போல கீதே என்று தெருவில் சிரிப்பார்கள்.

கல்லறையின் கதையும் அதில் உண்டு. பழைய காலத்தில் செத்தவர்களை மாதா கோயிலின் தரைக்கு அடியிலேயே புதைப்பார்களாம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் ஆண்ட ராஜா ஒருவன், பிணம் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். அதனால் கல்லறை மட்டும் கீழ் வாசலுக்கு வெளியே, எதிர்ச் சரிவில் இருந்தது. அங்கே போக ஒரு கழுதைப் பாதை. செங்குத்து ஏற்றம். கீழ் வாசலிலிருந்து கல்லறை கேட் வரை சரியாக முந்நூறு தப்படி. இது வரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் தாமஸ், முந்நூறு தப்படி என்றதும் எழுந்து வெற்றிலை துப்பப் போய்விடுவார். இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் மனைவி ஆலிஸ் மட்டும் கவனித்திருந்தாள்.

அவர் சொல்லாமல் விட்டது இது.

1944 நவம்பர் 2. கல்லறைத் திருநாள், செத்தவர்களின் கல்லறையில் திரி ஏற்றும் நாள். ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது அந்தக் கழுதைப் பாதை முழுக்கக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மரப்பெட்டிக்குள் வைத்த வெடி, அதனால் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அகப்படாது. கையால்தான் தேட வேண்டும். மண்டியிட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, நாலு விரற்கடைக்கு ஒரு குத்து. 'டொக்' என்றால் நிறுத்த வேண்டும். சுத்தம் செய்த பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்ட வேண்டும். கட்டிய சாப்பரே முதலில் அதில் நடந்து காட்ட வேண்டும். இது சட்டம். அவன் நடந்த பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு இருநூற்றெண்பது தப்படி முடிந்திருந்தது. நல்ல மழை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குப் படை கிளம்ப வேண்டும், லாரி உறுமிக்கொண்டு நின்றது. கீழ் வாசலில் ஊரே கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு, மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் ஜெர்மன்காரன் அவர்களை விடவில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால்...

வேறு ஒருவனாக இருந்தால் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். தாமஸால் முடியவில்லை. அவருடைய அம்மா சிலுவையம்மாள் முந்தின வருஷம்தான் செத்திருந்தாள். புருஷனை முன்பே கடல் கொண்டுபோய்விட்டது, ஒரே மகன் கடல் தாண்டி இருந்தான். காசிமேட்டில் அவள் கல்லறை அன்றைக்குத் திரி ஏற்ற ஆளில்லாமல் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். கல்லறைத் திருநாளில் இருட்டாகக் கிடக்கும் கல்லறையைப் பார்த்து, இதுக்குப் புள்ளைங்க இல்லியா என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இராயபுரத்துக்காரனுக்கு அதைவிட வேறு மானக்கேடு கிடையாது.

மிச்சம் இருபது தப்படியில் ஒன்றும் இருக்காது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாடாவைக் கல்லறை கேட் வரை இழுத்துக் கட்டினார். ஆனால் அந்த இருபது தப்படி மண்ணில் தன் காலை வைக்கவில்லை. ஓரத்துக் கல்கட்டின் மேல் ஏறிப் போய்க் கட்டிவிட்டு, அதே கல்கட்டின் மேல் திரும்பி வந்தார். கீழே நின்றவர்களைப் பார்த்து, போகலாம் என்று கை காட்டினார். லாரியில் ஏறிக்கொண்டார்.

லாரி மலையிறங்கும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இன்ஜின் சத்தமாகவும் இருக்கலாம். இன்ஜின் சத்தம்தான் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதிக் கேட்கத் தைரியம் வரவில்லை. செத்தது ஒருவரா, நூறு பேரா, இல்லை ஒருவருமே இல்லையா... இது தெரியாமல் அவர் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

இனி 1951க்கு வருவோம்.

தாமஸும் ஆலிஸும் நாலு வயது மகள் எல்சியும் சிலுவையம்மாள் கல்லறைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐந்து. தாமஸ் கையில் பட்டாளத்துக் கடிகாரம், அது ஒரு நிமிஷம் தப்பாது. தூறல். சாமந்தி மாலை போட்டார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். தோட்டம் முழுக்கக் கூட்டம், ஊதுவத்திப் புகை, ஜெபமாலை முணுமுணுப்பு. காசிமேடு என்று பெயர் இருக்கிறதே தவிர, மேடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. கடலோரத்துத் தட்டை மண். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் விழுந்த இடத்திலேயே நிற்கும்.

4.20. மழை வலுத்தது. ஆலிஸ் எல்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்டருகே பூ விற்கும் ரசூல் பீவியின் கீற்றுக் கொட்டகைக்குப் போனாள். தாமஸ் தன் கறுப்புக் குடையைத் திரிக்குப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டு பேரும் கொட்டகைக்குள் நுழைவதை அவர் கண்ணால் பார்த்தார்.

4.32. காற்று கடலிலிருந்து, கிழக்கிலிருந்து அடித்தது. மெழுகுவத்திச் சுடர் கிழக்குப் பக்கமே சாய்ந்து எரிந்தது. தாமஸ் கையை வைத்துப் பார்த்தார். காற்று இந்தப் பக்கம்தான். சுடர் அந்தப் பக்கம்.

4.38. காலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தார். தண்ணீர். நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் இறங்குகிற வாய்க்கால் மாதிரி அவர் காலைத் தொட்டுக்கொண்டு போனது. தோட்டத்தின் உள்பக்கத்திலிருந்து வந்தது.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நாலடி நடந்தார். பிறகு இன்னும் நாலடி. கல்லறைகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை அவருக்கு ஞாபகமில்லை. கெண்டைக்கால் இழுத்தது. மூச்சு வாங்கியது. கிரேன் ஏணியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிற மனுஷன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏறிக்கொண்டிருந்தார்.

4.50. பாதையின் இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்தில், வெள்ளை நாடா.

நனைந்து தொங்கியது. தொட்டுப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த முடிச்சு இல்லை. அவர் அப்பா வலைக்குப் போடுகிற முடிச்சு. அந்தப் படையில் அப்படி முடிந்தவன் ஒரே ஒருவன்தான்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சரக்... சரக்... ஒருவர் இல்லை. நிறையப் பேர். சேற்றில் மெதுவாக ஏறி வருகிற சத்தம். கூடவே ஜெபம். தமிழ் இல்லை, லத்தீனும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் பதினொரு நாள் கேட்ட பாஷை.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

கால் தானாக நடந்தது. வாய் தானாக எண்ணியது. இருநூற்று எழுபத்தெட்டு. இருநூற்று எழுபத்தொன்பது. இருநூற்றெண்பது.

நின்றார்.

முன்னால் இருபது தப்படியில் ஒரு இரும்பு கேட். கேட்டுக்கு முன்னால், நாடாவுக்குள்ளே, எல்சி நின்றுகொண்டிருந்தாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாவாடை நனைந்திருந்தது.

"எல்சி. அசையாத. நைனா வர்றேன்."

சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அவள் திரும்பவில்லை.

அன்றைக்கு ஏறி நடந்த கல்கட்டைத் தேடினார். இல்லை. இரண்டு பக்கமும் சரிவு. மண் மட்டும்தான் வழி.

மணி 4.56.

மண்டியிட்டார். குடையை மடக்கினார். இரும்பு முனை. சாய்த்துப் பிடித்து, நாலு விரற்கடைக்கு ஒரு குத்து. ஒரு தப்படி. இரண்டு தப்படி. கை மறக்கவில்லை.

பின்னால் காலடி நெருங்கியது. சரக்... சரக்...

ஆறாவது தப்படி. டொக்.

கையால் தோண்டினார். மரம். ஈரம். தூக்கி ஓரமாக வைத்தார். அந்தக் கனம் அவர் கைக்குத் தெரியும்.

பதினொன்றாவது தப்படி. டொக்.

5.12.

பின்னால் ஜெபம் நின்றது. காலடியும் நின்றது. ஒரு மூச்சுச் சத்தம் மட்டும்... நூறு பேர் ஒன்றாக மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி.

பதினைந்து. பதினாறு.

பதினேழு.

எல்சி திரும்பினாள்.

அப்பனைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். நைனா என்றாள்.

ஓடி வந்தாள்.

5.17.

அவர் கண்ணைத் திறந்தபோது சேற்றில் மண்டியிட்டிருந்தார். தரை தட்டையாக இருந்தது. தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றது. சுற்றிலும் ஜனங்கள் கூடி, பைத்தியம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் ஈர மண்ணில் பதினேழு தப்படி நீளத்துக்குக் குடை முனையின் ஓட்டைகள், நாலு விரற்கடைக்கு ஒன்றாக. அவருக்கு முன்னால் கேட் இல்லை. யாரோ ஒருவருடைய சுண்ணாம்படித்த கல்லறை இருந்தது.

கொட்டகைக்கு ஓடினார். எல்சி ரசூல் பீவி கொடுத்த ரோஜாவைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தாமஸ் அவளை வாரிக்கொண்டு அழுதார். ஆலிஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கயும் போவலயே," என்றாள். "கையப் புட்ச்சிக்கினுதானே கீறேன்."

ஆனால் ஒன்று சொன்னாள். கொஞ்ச நேரம் முன்னால் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். துறைமுகத்தில் ஏதோ பாரம் விழுந்தது என்று நினைத்தாளாம். மறுநாள் தாமஸ் வேலைக்குப் போய் விசாரித்தார். அங்கே ஒன்றும் விழவில்லை.

அன்று ராத்திரி அவர் ஆலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். கல்கட்டின் மேல் நடந்ததையும் விடாமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்தாள். கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்தவள், அவரைவிட நல்ல இங்கிலீஷ். ரோக்காவெர்னா முனிசிபாலிட்டி குமாஸ்தா ஒரெஸ்தேவுக்கு அவள் கையால் கடிதம் எழுதினாள். கேள்வி ஒன்றுதான். அந்த 1944 கல்லறைத் திருநாள் சாயங்காலம் உங்கள் ஊரில் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா? காசிமேட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் புருஷனைப் பைத்தியம் என்று நினைப்பதை அவள் விரும்பவில்லை.

பதில் பிப்ரவரி மாதம் வந்தது. மூன்று பக்கம். ஆலிஸ் விளக்கடியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள், தாமஸ் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். எல்சி பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் பக்கம் முழுக்க ஊர்ச் சமாச்சாரம். கீழ் வாசலைப் புதுப்பித்துவிட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் ஆலை வேலைக்கு வடக்கே போகிறார்கள், ஜனத்தொகை முந்நூற்று எண்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. ஆற்றுப் பாலம் இன்னும் தாமஸின் படை கட்டிக்கொடுத்த இரும்புப் பாலம்தான். தாமஸின் உயிர் போய்க்கொண்டிருந்தது. கிழவர் எப்போதும் அப்படித்தான், விஷயத்துக்கு வரமாட்டார்.

இரண்டாம் பக்கத்தில் வந்தார். நூற்று முப்பது பேர் மேலே ஏறினோம், சாமியார் சிலுவையோடு முன்னால் போனார், கேட்டுக்கு இருபது தப்படி இருக்கும்போது நீங்கள் திரும்பி வந்து பாதையில் மண்டியிட்டுக்கொண்டிருந்தீர்கள், என்று எழுதியிருந்தார். பட்டாளத்து உடுப்பு இல்லை, வெள்ளைச் சட்டை. கையில் கத்திக்குப் பதில் ஒரு கறுப்புக் குடை. உங்களைப் பார்த்ததும் நாங்கள் நின்றுவிட்டோம். நீங்கள் எடுத்துப் போட்ட இரண்டு பெட்டிகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நீங்கள் வராமலிருந்தால் இன்றைக்கு இந்த ஊர் இருந்திருக்காது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தாமஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். ஏழு வருஷம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆலிஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு வரி படித்தாள். பிறகு அவள் குரல் நின்றுவிட்டது. கண் மட்டும் வரிகளின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா?" என்றார் தாமஸ்.

அவர் கடிதத்தைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

வெடி வெடித்துப் புகை அடங்கியபோது உங்களைக் காணவில்லை. கேட்டுப் பக்கத்திலிருந்து உங்களிடம் ஓடி வந்த பெண் குழந்தை மட்டும் அங்கே கிடந்தது. நாலு வயது இருக்கும். கறுத்த பிள்ளை, எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை. சுற்றுப்பட்ட எல்லா ஊரிலும் விசாரித்தோம், தேடி யாரும் வரவில்லை. எங்கள் கல்லறையில் கேட்டுக்கு வலப்பக்கம் அடக்கம் செய்திருக்கிறோம். வருஷா வருஷம் முதல் திரி அவளுக்குத்தான். கல்லில் தேதி மட்டும் வெட்டி, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அவள் உங்களைத் தெரிந்தவள் மாதிரி ஓடி வந்தாள். தயவுசெய்து பெயரை எழுதி அனுப்புங்கள்.

எல்சி பிறந்தது 1947இல்.

இரண்டு பேரும் திரும்பி எல்சியைப் பார்த்தார்கள். பாயில் எல்சி மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலிஸ் கையை நீட்டி அவள் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

"எயுதாத," என்றாள்.

தாமஸ் எழுதவில்லை. எழுதாததற்கு வெட்கப்பட்டார், இன்றைக்கும் வெட்கப்படுகிறார். அதற்குப் பிறகு ஒரெஸ்தேயிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் அதே கேள்வி. பிறகு நின்றுவிட்டது.

இது 1958. எல்சிக்குப் பதினொரு வயது, நன்றாகப் படிக்கிறாள், ஒரு காய்ச்சல்கூட அதிகம் வந்ததில்லை. கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக்கு மூன்று பேரும் போகிறார்கள். அந்தக் கடிதம் வந்த வருஷத்திலிருந்து தாமஸ் இரண்டு மெழுகுவத்தி வாங்குகிறார். ஒன்றைத் தன் அம்மாவுக்கு ஏற்றுவார். இன்னொன்றை எல்சி அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். ஏற்றி, காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது யாருக்கு என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.